‘சொந்த விருப்பின் பேரில்’

இலக்கிய விமரிசனம் என்பது கவிதையிலும் கதையிலும் வரும் சொற்களை மாத்திரம் எடைபோடும் தொழில் என்று நம்மிடையே பலர் கருதி வந்துள்ளனர். கவிஞன் ‘நிலவு’ என்று எழுதியதற்கும் ‘திங்கள்’ என்று எழுதியதற்கும் இடையேயுள்ள வேற்றுமை பற்றி நம் ஏடுகளில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டதுண்டு. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கடல் கடத்தி யுத்த பூமியில் இறக்கிவிட்ட சொற்றொடர் ஒன்று எந்தக் கவிதையிலும் இல்லை. அரசாங்கப் படிவம் ஒன்றில் இருந்தது. ‘சொந்த விருப்பின் பேரில்’ என்பதே அது. அகதிகள் தாயகம் திரும்புவது பற்றிப் பேசும் அரசுகளும் அனைத்துலக நிறுவனங்களும் இன்றளவும் இச்சொற்றொடரின் மீதே தம் நியாயம் அனைத்தையும் கட்டி எழுப்புகின்றன. எனவே இதனை ஒரு பிரதியாகக் கொண்டு, இலக்கிய மாணவருக்குரிய நிதானத்தோடு வாசித்துப் பார்ப்பது அவசியமாகின்றது.

சாவகச்சேரியிலிருந்து இதனை வாசிப்பதற்கும் காரணமுண்டு. அகதிகளைத் திருப்பிக் கொணர்ந்த கப்பல் எதுவும் இங்கு வந்ததில்லை. எனினும், கடந்த நாற்பதாண்டுகளில் போதல், வருதல், துரத்தப்படுதல், திரும்பும்படி பணிக்கப்படுதல் ஆகிய அத்தனை வினைகளையும் தன்வினையாகவும் பிறவினையாகவும் அனுபவித்த ஊர் இது. இங்குள்ள ஒருவர் ‘நாங்கள் திரும்பி வந்தம்’ என்று கூறினால், ‘எப்ப, எங்கையிருந்து, ஆர் சொல்லி?’ என்ற மூன்று கேள்விகளும் உடனே எழும். அம்மூன்றாவது கேள்வியே நம் விமரிசனத்தின் மையமாகும்.

முதலில் 1992-ஆம் ஆண்டினை எடுத்துக்கொள்வோம். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அக்கொலையோடு எவ்விதத் தொடர்புமில்லாமல் தமிழக முகாம்களில் வாழ்ந்த மீனவரும் கமக்காரரும் கூலித் தொழிலாளரும் அதற்கான பழியைத் தம் தலையில் சுமக்க வேண்டியவராயினர். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் இடம் மறுக்கப்பட்டது. உதவி வழங்கி வந்த தொண்டு நிறுவனங்கள் முகாம் வாசலைத் தாண்டலாகாது எனத் தடுக்கப்பட்டன. நேற்றுவரை பரிவோடு பார்த்த அயலவர் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினர். இச்சூழலில், 1992 ஜனவரி 20 முதல் திருப்பியனுப்பும் பணி தொடங்கிற்று. 1995 மார்ச் மாதம் வரையில் 54,188 பேர் அனுப்பப்பட்டனர் என்பது இந்திய உள்துறை அமைச்சின் கணக்கு. அவர்கள் தம் விருப்பத்தின் பேரிலேயே சென்றனர் என்பதும் அதே அமைச்சின் கூற்று.

அவர்கள் ஒப்பமிட்ட படிவம் எம்மொழியில் இருந்தது? ஆங்கிலத்தில் இருந்தது என்று அக்காலத்தில் இதனை ஆராய்ந்த மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. பேசாலையிலும் வங்காலையிலும் வலை இழுத்த ஒருவர், தான் வாசிக்க இயலாத மொழியில், தன்னுடைய மனம் இன்னதை விரும்புகிறது என்ற வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ இடுகிறார். தன்மையில் எழுதப்பட்ட வாக்கியம். ஆனால் அதனை எழுதியவன் படர்க்கை. நாவலாசிரியன் ஒருவன் இவ்வாறு தன் பாத்திரத்தின் வாயில் சொற்களைத் திணித்திருந்தால் நம் விமரிசகர்கள் அவனை மன்னித்திருக்கமாட்டார்கள்.

விருப்பம் என்பது தெரிவு உள்ள இடத்தில் மாத்திரமே பொருள்படும் சொல். இரண்டு பாதைகள் இருந்து, அவற்றுள் ஒன்றை நாடினால் அதற்கு விருப்பம் என்று பெயர். ஒரு பாதையை அடைத்துவிட்டு மற்றதில் நடக்கச் செய்வதற்குத் தமிழில் வேறு சொற்கள் உள்ளன. இந்தச் சாதாரண இலக்கண உண்மையை நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டியிருந்தது என்பதே வெட்கத்துக்குரியது. ப. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் 1992-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அகதிகளின் சம்மதம் உண்மையானதா என்பதைப் பொதுவான ஓர் அமைப்பு அறியவேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகத்துக்குச் சென்னையில் ஓர் இடம் தரப்பட்டது. ஆனால் எத்தகைய இடம்? முகாம்களுள் தடையின்றிச் சென்று மக்களோடு உரையாடும் உரிமை அதற்கு வழங்கப்படவில்லை. புறப்படும் தறுவாயில் நிற்போரைக் கண்டு, போக விருப்பமா என்று கேட்கலாம்; அவ்வளவே. முகாமில் ஏன் வாழ முடியாமற் போயிற்று என்ற கேள்வி அவ்வுரையாடலின் எல்லைக்கு அப்பால் வைக்கப்பட்டிருந்தது.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 33-ஆம் உறுப்புரை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு எவரையும் திருப்பித் தள்ளலாகாது என்று கூறுகின்றது. இந்தியா அச்சாசனத்தில் ஒப்பமிடவில்லை; இலங்கையும் ஒப்பமிடவில்லை. ஒப்பமிடாவிடினும் இவ்விதி எல்லா நாடுகளையும் பிணிக்கும் வழக்காறாகிவிட்டது என்பது சட்ட அறிஞர் பலருடைய கருத்து. அரசுகளோ, ‘தள்ளினால்தானே குற்றம், அவர்களே விரும்பிச் செல்கிறார்களே’ என்று கூறித் தப்பிக்கொள்கின்றன. ‘சொந்த விருப்பு’ என்ற தொடரின் தொழிற்பாடு இங்கேதான் வெளியாகின்றது. அகதியின் மனநிலையைக் கூறுவது அதன் வேலையன்று. அரசின் பொறுப்பைக் கழற்றிவிடுவதே அதன் வேலை. 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, தண்டனைக் காலம் முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா உலகத்தார் யாவருக்கும் உரிய தர்மசாலை அன்று என்ற கருத்தினைத் தெரிவித்தது. அடைக்கலம் என்பது உரிமையாக அன்றி அன்னசத்திரத்து ஈகையாகவே கருதப்படுமிடத்து, சத்திரத்தைப் பூட்டும் நேரத்தைச் சத்திரக்காரனே தீர்மானிப்பான்.

இனி, 1992-இல் இம்மக்கள் எங்கே திரும்பினர் என்று பார்க்கவேண்டும். 1990 யூனில் மீண்டும் மூண்ட யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மன்னாரிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் இறக்கப்பட்டவர்களுள் கணிசமானோர் தம் வீடுகளைக் காணவில்லை. இடைத்தங்கல் முகாம்களையே கண்டனர். மடுவிலும் பேசாலையிலும் உயர் ஆணையகம் நடத்திய நிவாரண நிலையங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. யாழ்ப்பாணத்தாரின் நிலையோ வேறு. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. குடாநாட்டுக்குள் வரவும் போகவும் கிளாலிக் கடலேரியே வழி. அதுவும் கடற்படை தடைசெய்த வலயம். இரவில் விளக்கின்றிப் படகேற வேண்டும். 1993 ஜனவரி 2-இல் அவ்வழியே வந்த பயணிகள் கடற்படையினரால் கொல்லப்பட்டனர். தென்மராட்சியில் அக்காலத்தைக் கண்ட எவரும் ‘பாதுகாப்பான திரும்புதல்’ என்ற சொற்களைக் கேட்டால் கிளாலிக் கரையை நினையாமல் இருக்கமாட்டார்.

இதன் விளைவை வரலாறு தாமதமின்றிக் காட்டிற்று. 1996 முதல் மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்தை நோக்கிப் படகுகள் மீண்டும் புறப்பட்டன. அவற்றில் ஏறியோருள், சில ஆண்டுகளுக்கு முன் ‘சொந்த விருப்பின் பேரில்’ திரும்பியோரும் இருந்தனர். இது நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1990-களின் நடுப்பகுதியில் வங்காளதேசத்திலிருந்து மியன்மாருக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் றோஹிங்கியர் திருப்பியனுப்பப்பட்டனர். அப்போதும் விருப்பத்தின் பேரிலேயே என்றார்கள். 2017 ஓகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் அதே நாஃப் ஆற்றைக் கடந்து ஓடிவந்தனர்.

இவ்விடத்தில் வேறொரு சொல்லையும் தொட்டுச் செல்லவேண்டும். ‘தாயகம் திரும்பியோர்’ என்ற தொடர் தமிழில் அரசாங்க வழக்காக நிலைபெற்றது 1964 ஒக்ரோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னரேயாகும். மலையகத் தொழிலாளர் 9,75,000 பேரைப் பங்குபோட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு என்று இரு தலைவர்கள் கணக்கை முடித்தனர். தேயிலைச் செடியின் அடியில் பிறந்து, தேயிலைச் செடியின் அடியிலேயே பெற்றோரைப் புதைத்த ஒருவர், தான் ஒருபோதும் காணாத புதுக்கோட்டை மாவட்டத்துக்கோ நீலகிரிக்கோ அனுப்பப்படும்போது அவர் ‘திரும்புகிறார்’ எனப்பட்டார்! காணாத ஊருக்கு எவ்வாறு திரும்புவது? மண்டபம் முகாமை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புமுன் அடைத்துவைத்துச் சோதித்த இடம் அது. பிற்காலத்தில் அதே இடத்தில் ஈழத்து அகதிகள் அடைக்கப்பட்டனர். அவ்வகதிகளுள்ளும் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். 1977-இன் வன்செயலால் வன்னிக்கு ஓடி, அங்கிருந்து கடல் கடந்தோர். பாட்டன் கூலியாகச் சென்ற வாசலால் பேரன் அகதியாக நுழைந்தான். அவனைத் திரும்பிப்போ என்றால், எத்திசையைக் காட்டுவது?

சாவகச்சேரிக்கு வருவோம். 1995 ஒக்ரோபர் 30-இல், இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கிக்கொண்டிருக்கையில், வலிகாமத்து மக்கள் யாவரும் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். (மலையக மக்களைப் பங்குபோட்டதும் ஒரு ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டதும் ஒரு ஒக்ரோபர் 30. நாட்காட்டிக்கு இதில் ஒரு பொறுப்பும் இல்லை.) நான்கு இலட்சம் அளவினர் எனக் கணக்கிடப்படும் மக்கள், மழையில், நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்குள் வந்தனர். பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள், சந்தைக் கொட்டகைகள், மாமரத்து நிழல்கள் யாவும் வீடுகளாயின. வெளியேறுவதா, இருப்பதா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. ஆறு மாதங்களின் பின், 1996 ஏப்ரிலில், இராணுவம் தென்மராட்சியைக் கைப்பற்றியது. மக்கள் வந்த வழியே திரும்பினர். திரும்புமாறு இராணுவம் அழைத்தது. வன்னிக்கு வருமாறு புலிகள் அழைத்தனர். பசியும் நெரிசலும் நோயும் வீட்டு நினைவும் சேர்ந்து பெரும்பாலோரை வலிகாமத்துக்குத் திருப்பின. ‘மக்கள் தாமாகவே எம்மை நாடி வந்தனர்’ என்று கொழும்பு மகிழ்ந்துகொண்டது.

திரும்பியோருக்குப் பாதுகாப்பு இருந்ததா? 1996-இல் மாத்திரம் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ அறுநூறு பேர் கைதான பின் காணாமற் போயினர் என அனைத்துலக மன்னிப்புச் சபை பதிவு செய்தது. நாவற்குழியில் அவ்வாண்டு யூலையில் கொண்டுசெல்லப்பட்ட இளைஞர்களுக்காக இன்றும் பெற்றோர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி முதுமையடைந்துள்ளனர். செப்ரெம்பர் 7-இல், உயர்தரப் பரீட்சையின் இரசாயனவியல் வினாத்தாளை எழுதிவிட்டுக் கைதடியிலுள்ள வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த மாணவி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அவ்வழக்கில் 1998 யூலையில் தண்டனை பெற்ற இராணுவத்தினருள் ஒருவர், செம்மணியில் முந்நூறு, நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றில் கூறினார். 1999-இல் தோண்டியபோது பதினைந்து எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அத்துடன் விசாரணை உறங்கிப்போயிற்று. 2025-இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்காக நிலத்தை அகழ்ந்தபோது மீண்டும் எலும்புகள் தென்பட்டன. குழந்தைகளுடையவை உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அவ்வாண்டில் அடையாளம் காணப்பட்டன. அவை யாருடையவை, எக்காலத்தவை என்பதை விஞ்ஞானமும் நீதிமன்றமும் கூறவேண்டும். ஆனால் 1996-இல் அவ்வழியே திரும்பி நடந்தவர்களின் உறவினர் அக்குழிகளின் ஓரத்தில் ஏன் நின்றனர் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

சாவகச்சேரி நகரம் 2000 மே மாதத்தில் புலிகளின் கைக்கு மாறி, செப்ரெம்பரில் மீண்டும் இராணுவத்திடம் வீழ்ந்தது. இடையில் எறிகணைகள் ஊரைத் தரைமட்டமாக்கின. வடமராட்சிக்கு ஓடிய மக்கள், சண்டை ஓய்ந்ததும், தம் வீடு நிற்கிறதா, மாடு உயிரோடு உள்ளதா என்று பார்த்துவரச் சிறு கூட்டங்களாகச் செல்வது வழக்கமாயிற்று. டிசெம்பரில் மிருசுவிலுக்கு அவ்வாறு சென்றவர்களுள் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எண்மர் கொல்லப்பட்டு மலக்குழி ஒன்றில் போடப்பட்டனர். தப்பிய ஒருவரின் சாட்சியத்தால் வழக்கு நிலைத்தது. பதினைந்து ஆண்டுகளின் பின், 2015-இல், இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச் 26-இல் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இருபதாண்டு நீதியை ஒரு கையெழுத்து அழித்தது. தாயகம் திரும்புவோருக்கு அரசு உறுதியளிக்கும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லின் அகராதிப் பொருளை அறிய விரும்புவோர், மிருசுவில் வழக்கின் இறுதி ஏட்டைப் படிக்கலாம்.

யுத்தம் முடிந்துவிட்டதே, இவையெல்லாம் பழங்கதைதானே என்று கேட்போர் இருக்கலாம். 2025 மே மாத இறுதியில், எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர், தமிழக முகாமில் பல்லாண்டு வாழ்ந்தபின், உயர் ஆணையகத்தின் ஒழுங்கிலேயே பலாலியில் வந்திறங்கினார். இறங்கியதும் கைது செய்யப்பட்டார். உரிய கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு! குண்டு விழும்போது ஓடியவர், கொழும்புக்குச் சென்று வரிசையில் நின்று கடவுச்சீட்டுப் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தில் முத்திரை குத்துவித்து, அதன்பின் உயிர் தப்பியிருக்கவேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் எதிர்பார்ப்புப் போலும். சட்டம் தன் போக்கில் இயங்கியது, கொள்கை மாற்றப்படும் என்று அரசு தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அடுத்தும் சில கைதுகள் நிகழவே, தன் துணையோடு நடக்கும் திரும்புதலை ஆணையகம் அவ்வாண்டிலேயே தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

அவர் வந்திறங்கிய இடத்தையும் கவனிக்கவேண்டும். 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் எனப் பெயர் சூட்டித் திறக்கப்பட்ட பலாலித் தளம், 1990-இல் வலிகாமம் வடக்கு மக்களை வெளியேற்றி அமைக்கப்பட்ட உயர் பாதுகாப்பு வலயத்தின் நடுவே உள்ளது. அக்காணிகளுள் ஒரு பகுதி கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. எஞ்சியவற்றுக்காக உரிமையாளர் இன்றும் கையில் உறுதியோடு நிற்கின்றனர். ஆக, ஒரு அகதி வீடு திரும்புவதற்காக மற்றோர் அகதியின் வளவில் வந்திறங்க வேண்டியுள்ளது. எந்த யதார்த்தவாத எழுத்தாளனும் இத்தகைய காட்சியைக் கற்பனையாகப் படைக்கத் தயங்குவான்.

நம் இலக்கியம் இவற்றை எவ்வாறு எதிர்கொண்டது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். புறப்பாட்டினைப் பற்றி நாம் நிறைய எழுதியுள்ளோம். திரும்புதலைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி, திரும்பாதவர்களால் எழுதப்பட்டது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருந்து எழுதும் கவிஞனுக்குக் கிணற்றடியும் கிடுகு வேலியும் பனங்கூடலும் மாம்பழ வாசனையும் ஏக்கப் பொருள்களாகின்றன. அவ்வேக்கம் பொய்யன்று, அதனை எள்ளி நகையாடுவது முறையுமன்று. ஆனால் அது ஒரு வர்க்கத்தின் ஏக்கம் என்பதை விமரிசகன் கூறியாகவேண்டும். நம் மொழிவழக்கே இதனைக் காட்டிக்கொடுக்கின்றது. காணியை ஈடு வைத்தோ விற்றோ விமானம் ஏறியவர் ‘புலம்பெயர்ந்தவர்’; பேசாலையில் இரவுப் படகு ஏறி மண்டபத்தில் இறங்கியவர் ‘அகதி’. முன்னவர் கடவுச்சீட்டோடு கோடை விடுமுறைக்கு வந்து நல்லூர்த் தேரைப் பார்த்துப் போகிறார். பின்னவரே திருப்பியனுப்பப்படுகிறார். மேலைநாட்டிலும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஏழை அகதிக்கே விமானத்தில் கட்டாய ஆசனம் ஒதுக்கப்படுகின்றது. சுவிற்சர்லாந்து 2013-இல் திருப்பியனுப்பிய இருவர் கொழும்பில் கைதான பின்னரே அந்நாடு அவ்வேலையை இடைநிறுத்தியது. அவுஸ்திரேலியா 2014 யூலையில் நடுக்கடலில் மறித்த படகிலிருந்து 41 பேரைக் கரைக்கே கொண்டுவராமல் இலங்கைக் கடற்படையிடம் கையளித்தது. அவர்கள் காலி நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர்.

தொ. பத்தினாதன் எழுதிய ‘போரின் மறுபக்கம்’ (2007) போன்ற நூல்கள் இவ்வகையில் நம் கவனத்துக்குரியன. தமிழக முகாமில் வாழ்ந்த ஒருவர், தன் சொல்லில், முகாம் வாழ்வைப் பதிவு செய்த முயற்சி அது. அலங்காரங்களை எதிர்பார்த்து அதனை அணுகுவோர் ஏமாறுவர். பதிவேடு, கணக்கெடுப்பு, அனுமதி, க்யூ பிரிவுக் காவலர் என்று ஓர் உலகம் எவ்வாறு மனிதனைச் சிறுகச் சிறுகக் குறுக்குகின்றது என்பதை அறிய விரும்புவோருக்கு அது கவிதைத் தொகுதிகள் பலவற்றினும் பயன் தரும். 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட மாற்றமே. வீடுகளும் கட்டித் தரப்பட்டன, அதனையும் சொல்லவேண்டும். எனினும் அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு காவல் உண்டு. சொல்லை எடுத்துவிட்டு, அதற்கீடான குடியுரிமையையோ சட்டத் தகுதியையோ தராவிடின், அம்மனிதர் ‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’ என்ற பெயரோடு எஞ்சுகிறார்.

எழுதப்படாத பொருள்கள் இன்னும் உள. முகாமிலே பிறந்து, இருபது வயதில், தான் ஒருபோதும் காணாத ‘சொந்த’ ஊருக்குத் திரும்பும் பெண் ஒருத்தியை எண்ணுவோம். அவள் பேச்சில் திருவண்ணாமலை இருக்கின்றது. கொடிகாமம் சந்தையில் அவள் வாயைத் திறந்ததும் ‘இந்தியாக்காரி’ என்கின்றனர். பிறப்புப் பதிவு ஒரு நாட்டில், பெற்றோரின் விவாகப் பதிவு எரிந்துபோன கச்சேரிக் கட்டடத்தில். குடியுரிமையை நிரூபித்தால்தான் அடையாள அட்டை. அடையாள அட்டை இருந்தால்தான் வேலை, வங்கிக் கணக்கு, அரசாங்க உதவி. ஆசிரிய நண்பர்கள் இவளின் தம்பியை வகுப்பில் சந்தித்திருப்பர். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை பயின்றவன், இங்கே வேறொரு வரலாற்றையும் சிங்களத்தையும் முதன்முறையாகக் கண்டு திகைத்து, வாங்கின் கடைசியில் அமர்ந்து, சாதாரண தரத்துக்கு முன்னரே மேசன் வேலைக்குப் போய்விடுகிறான். பாதுகாப்பு என்றவுடன் துப்பாக்கியையும் சிறையையும் மட்டும் எண்ணுகிறோம். அவனுடைய இடைநிற்றலும் பாதுகாப்பின்மைதான். ஆனால் அது எந்த அறிக்கையிலும் கைதுகளின் நிரலில் வராது.

இவ்விமரிசனம் நேர்மையானதாக வேண்டுமெனில் நமக்கு அருகிலேயே உள்ள ஒன்றையும் பேசவேண்டும். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகருக்கு முன்னரே சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களும் ‘போ’ என்ற கட்டளைக்குப் பணிந்தவர்கள். அவர்களிடம் சம்மதக் கடிதம்கூட எவரும் வாங்கவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2002-க்குப் பின்னும் 2009-க்குப் பின்னும் திரும்ப முயன்றவர்கள், காணி விற்கப்பட்டதையும் பதிவில் பெயர் இல்லாததையும் அலுவலகங்களின் அசட்டையையும் கண்டு, பலர் மீண்டும் புத்தளத்துக்கே சென்றனர். தமிழ் அகதி மண்டபத்திலிருந்து திரும்பும்போது எந்த உரிமைகளை நாம் கோருகிறோமோ, அவையனைத்தும் புத்தளத்திலிருந்து திரும்பும் முஸ்லிமுக்கும் உரியன. இதனைக் கூறத் தயங்கும் முற்போக்கு இலக்கியம் தன் பெயரை மாற்றிக்கொள்வது நலம்.

காணி விடயத்தில் சட்டம் கூறுவது யாது? பத்தாண்டுகள் ஒருவர் பிறருடைய காணியைத் தடையின்றி ஆண்டால், அதற்கு உரித்துக் கோரலாம் என்பது இலங்கையின் பழைய விதி. சமாதான காலத்துக்கு அது நியாயமான விதியாக இருக்கலாம். 1990-இல் ஓடியவர் 2000-இலேயே, தான் மண்டபத்தில் அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருக்கையில், சாவகச்சேரியிலோ மன்னாரிலோ தன் வளவை இழக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது தெரியாது. இவ்வநீதியை உணர்ந்து 2016-இன் 5-ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணியை அணுக முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று அது கூறிற்று. நல்ல சட்டம். ஆனால் வழக்குத் தொடுப்பதற்கு அது தந்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அப்போது அறுபதினாயிரம் பேர் அளவில் இருந்தனர். அவர்களுள் எத்தனை பேரிடம் அச்சட்டத்தின் செய்தி சென்றது? படிவத்தைக் கொண்டுசென்று ஒப்பம் வாங்கத் தெரிந்த அரசுகளுக்கு, இச்சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை முகாமின் அறிவித்தல் பலகையில் ஒட்டுவது முடியாத காரியமன்று. அவ்விரண்டு ஆண்டுகள் 2018-இல் முடிவடைந்தன.